படுக்கையறையில் ஆரஞ்சு மரம்

லைல் ப்ரூயிட் வயதுவந்தோருக்கான படம் எடுத்த வீடுகளில், மூன்றாம் நாள் கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு ஆரஞ்சு மரம் முளைத்தது. முதல் மரம் 1974-இல், வான் நைஸில். அந்த ஊர் இருக்கிற சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கே ஆரஞ்சுத் தோப்பை வெட்டி வீடு கட்டிய இடம் என்பதால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பழத்தைத் தின்றதும் அடங்கிவிடுவார்கள். ஆனால் எல்லாப் படத்துக்கும் முளைக்காது. நடிக்கிற இருவருக்கும் ஒருவரையொருவர் கொஞ்சமாவது பிடித்திருக்க வேண்டும். அறுபது படத்துக்குப் பத்தொன்பது மரம்.

யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று பார்த்து ஜோடி சேர்ப்பவள் லைலின் மனைவி வெர்னா. படத்தை வெட்டி ஒட்டுவதும் அவள்தான். சட்டை கழற்றுவதைச் சுருக்கி, அதற்கு முன்னால் இருவரும் முட்டை பொரித்தபடி பேசுவதை நீட்டிவைப்பாள். தியேட்டர்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கூட்டம் என்னவோ வந்தது, நீச்சல்குளம் வைத்த வீடும் வந்தது. பிறகு வீடியோ வந்தது. ஒரே நாளில் இரண்டு படம் கேட்டார்கள், பேச நேரமில்லை, வெட்ட ஆள் வேண்டாம். லைல் அவளை வீட்டில் இருக்கச் சொன்னான். முட்டாள், அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மரம் முளைப்பது நின்றது, வீடு போனது, புருஷன் பெண்டாட்டி பேச்சும் நின்றது.

1985-இல் ரெசீடாவில் ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு. போலீஸ் கண்ணில் படாமலிருக்க எல்லோரும் சூப்பர்மார்க்கெட் வாசலில் கூடி, லைலின் பழுப்பு வண்டியைப் பின்தொடர்ந்து வருவதுதான் வழக்கம். அன்று ஏழு கார்களும் வேறொரு பழுப்பு வண்டியின் பின்னால், ஆக்ஸ்னார்டில் நடந்த ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டன. யாரென்று கேட்காமல் அங்கே சோறு போட்டிருக்கிறார்கள், இவர்களும் மாலைவரை நகரவில்லை. ரெசீடா வீட்டுக்கு வந்தது விவாகரத்துக் காகிதத்தோடு வெர்னா மட்டும்தான்.

"கையெழுத்துப் போடு லைல். ஆளுங்க வர்றதுக்குள்ள கெளம்பிடறேன்."

அவன் பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். "உன்ன வீட்ல இருன்னு சொன்னேன் பாரு, அது தப்பு. நீ இல்லாம எடுத்த முப்பதும் குப்ப. ஒண்ணக்கூட நான் முழுசாப் பாத்ததில்ல."

"நான் பாத்தேன். முப்பதையும் வாடகைக்கு எடுத்துப் பாத்தேன்." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கெங்க வெட்டணும்னு எழுதிக்கூட வெச்சிருக்கேன், போ."

லைல் அழுதான். காமிரா ஓடவில்லை, மூன்று நாளும் ஆகவில்லை. மரம் காத்திருக்காமல் கட்டிலுக்கடியிலிருந்து கிளம்பி, சாயங்காலத்துக்குள் கூரையைத் தொட்டது.

அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவன் கல்யாணங்களைப் படமெடுக்கிறான், அவள் வெட்டுகிறாள். மரம் கட்டிலை நடுவில் பிளந்து நிற்கிறது. ஆளுக்கொரு பக்கம் படுத்து, அடிமரத்தைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.