தோள் உயரத்துச் சுவிட்ச்

தெருவில் என்னை 'ஷாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலை செய்வதால் மட்டுமல்ல, தொட்டால் சீறுவேன். நாலு நாள் விட்டுவிட்டு எரிந்த விளக்கு தானாகவே சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தானா எப்படிங்க சரியாகும்? சுவத்துக்குள்ள வயர் உரிஞ்சு கிடக்கு. இப்பவே பார்க்கலைன்னா மொத்தமும் கருகிடும்" என்று கத்திவிட்டு வருவேன்.

ஊருக்குத்தான் உபதேசம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு இடது கால் மரத்துப்போனது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார். நரம்புக்கு மேலே இருக்கும் உறையை உடம்பே அரிக்கிறதாம். "கால் சரியாயிடலாம். ஆனா உள்ள அது நிக்காது. ஊசியை இப்பவே ஆரம்பிச்சிடுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்றார்.

ஒரே மாதத்தில் கால் சரியானது. பழையபடி என்னோடு வேலைக்கு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஊசிக்குப் போய்ட்டு வந்துடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"கல்லு மாதிரி நிக்கிற, உனக்கெதுக்கு ஊசி? சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே."

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

போன வருஷம் ஏணியடியிலேயே இரண்டு காலும் மடங்கி உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரம்மா பழைய ஸ்கேனையும் புதியதையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்பவே ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வராம தடுக்க நிறைய வாய்ப்பு இருந்தது. போன கால் திரும்புமான்னு தெரியல. கையையாவது காப்பாத்தப் பார்ப்போம்" என்றார். அன்றே ஊசி ஆரம்பித்தோம். பாவி, இரண்டு வருஷத்தை நான்தான் தின்றுவிட்டேன்.

இன்று காலை படுக்கையறையில் அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற மாதிரி, தாழ்வாக ஒரு சுவிட்ச் போர்டு வைத்தேன். திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நல்லவேளை, கை இன்னும் நடுங்கவில்லை. வேலை முடிந்ததும், தோள் உயரத்தில் இருந்த பழைய போர்டைக் கழற்றப் போனேன்.

"அதைக் கழட்டாதீங்க. இருக்கட்டும்."

எழுந்து நடப்போம் என்று இன்னும் நம்புகிறாளோ? "எதுக்கும்மா?" என்றேன்.

"உங்களுக்குத்தான். இருக்கிற இடுப்பு வலியில தினமும் குனிஞ்சா போடுவீங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "அந்த வலியையும் நாளைக்கே போய்க் காட்டிட்டு வந்துடுங்க. தள்ளிப்போட வேணாம்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். மிச்சமிருந்த ஒரு திருகாணியை அவள் நீட்டிக்கொண்டே இருந்தாள்.