கயோட்டிக்கு எந்தத் தோட்டா

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாரும் வந்து சொல்லவில்லை, எதிலும் படிக்கவில்லை. இதில் தோட்டா விற்கிற கடைக்காரன் நான்தான். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் தீவனம், வேலிக்கம்பி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை. பத்தொன்பது வருடமாக அதன் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். சபேசன் என்கிற என் பெயரை இந்த ஊர் 'சேப்' என்று வெட்டி வைத்திருக்கிறது.

நான்கு முறை தொடங்கிப் பார்த்தேன். 'ஏப்ரல் மாதக் காற்று புல்வெளியின் மேல்' என்று ஒன்று. காற்றுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, அடித்துவிட்டேன். 'ஓபல் ஸ்டெனரூட் குறி தப்பாதவள்' என்று இன்னொன்று. அது உண்மைதான். ஆனால் அப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே அவளைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். அதனால் ஆடுகளிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஓபலுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் இறந்த பிறகு தம்பி நோர்வலும் அவளுமாக நானூறு ஆடுகளை வைத்துப் பிழைத்துவந்தார்கள். அந்த வசந்தத்தில் குட்டி ஈனும் சமயம் பார்த்துக் கயோட்டிகள் இறங்கின. (நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. இங்கே அதற்கு இரங்குபவர்கள் ஆடு வளர்க்காதவர்கள்.) ஒன்பது நாளில் பதினோரு குட்டிகள் போயின. கடைசிக் குட்டி வயிறு கிழிந்து, உயிர் போகாமல் கிடந்தது. ஓபல் அதன் தலையை மடியில் வைத்துக் கத்தியால் முடித்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கடைக்கு வந்தாள். அவள் நகக்கண்ணில் இருந்ததை நான் பார்த்தேன்.

அவளிடம் இருந்தது கணவனின் 243 ரைஃபிள். அதற்கு இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஒன்றில் குண்டு இலேசு, எடை ஐம்பத்தெட்டு கிரெய்ன், நாலு கிராம்கூட வராது. கயோட்டியின் உடம்புக்குள் போனதும் உடைந்து தூளாகிவிடும், பெரும்பாலும் வெளியே வராது. மற்றது நூறு கிரெய்ன், மானுக்கு உரியது. கயோட்டி போன்ற ஒல்லி உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். போன குண்டு எங்கேயாவது போய்த்தான் நிற்க வேண்டும்.

இலேசானது இருக்கிறதா என்று ஓபல் கேட்டாள். தீர்ந்துபோயிற்று, அடுத்த வாரம் வரும் என்று சொல்லி, மான் தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தேன்.

"அடுத்த வாரம் வர்றதுக்குள்ள பாதி மந்தை போயிரும். இது கொல்லுமா, கொல்லாதா?"

"இதுவும் கொல்லும்" என்றேன்.

கூட வந்திருந்த நோர்வல் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மான் தோட்டாவால நரி சுடப்போறா எங்க அக்கா. தோல உரிச்சா சல்லடைக்குத்தான் ஆகும்."

"நீ வேலியை ஒழுங்காக் கட்டியிருந்தா எனக்குத் தோட்டாவே வேணாம்டா" என்றாள் அவள்.

[இந்த இடத்தில் கடைக்காரனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி நிறுத்திவிட்டேன். அது: 'அவன் காலருகே, கல்லாவுக்கு அடியில்,' முழுதாக எழுதுகிறேன். அவன் காலருகே, கல்லாவுக்கு அடியில், இலேசான தோட்டா ஒரு பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு கயோட்டி வேட்டைக்குப் போவதற்காக அவன் தனக்கென்று எடுத்துவைத்தது.]

3

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் என் கை அழகுபடுத்தப் பார்க்கும்.

மறுநாள் காலை ஏழரை மணி. சரிவில் கயோட்டி ஒன்று குட்டிகளைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓபல் தரையில் படுத்து, மூச்சை நிறுத்திச் சுட்டாள். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. பத்து நாளில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசானது. எழுந்து நடந்துபோய்க் காலால் புரட்டிப் பார்த்தாள். குண்டு விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. பின்னால் ஒரு பாறையில் வெள்ளையாகக் கீறல் தெரிந்தது.

நோர்வல் தெற்கு எல்லையில் வேலி கட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்கே கம்பி தீர்ந்துபோய், மிச்சச் சுருள் கிடந்த கிழக்குப் பக்கம், சரிவுக்கு அப்பால் அவன் வந்திருந்தான். பாறையில் பட்டுத் திசை மாறிய குண்டு அவன் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வராததால் ஓபல் தேடிப்போனாள். கிடந்தவனின் ஒரு கையில் கம்பி முறுக்கும் குறடு இருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்ததா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

ஷெரிஃப் வந்து பார்த்துவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

4

இதை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் கடைக்காரன் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, "எனக்குன்னு வெச்சிருந்தேன், பரவால்ல, எடுத்துக்கங்க" என்கிறான். கயோட்டி சாகிறது. நோர்வல் பசியோடு வந்து, முட்டை ஆறிப்போச்சு என்று முணுமுணுக்கிறான். கதை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எந்தப் பத்திரிகையும் வாங்காது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொன்றில், கடைக்காரன் கெட்டவனாக இருக்கிறான். அது சுலபம். அப்படி ஒருவன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையில் அவன் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

5

ஆகஸ்டில் ஓபல் ஆட்டு உப்பு வாங்க வந்தாள். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது அவள் ஏறாமல் நின்றிருந்தாள்.

"சேப், அன்னிக்கு இலேசானது நெஜமாவே இல்லையா? ஒரு பெட்டிகூட?"

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் அவளைக் காப்பாற்றிவிட்டதாகவே ஒரு கணம் நினைத்தேன். கதவில் கைவைத்தபடி அவள் சொன்னாள்:

"இருந்துச்சுன்னு சொல்லுவியான்னு பாத்தேன். உன்னையாவது திட்டியிருப்பேன். இப்ப திட்டறதுக்கு நான் மட்டும்தான் இருக்கேன்."

வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று வருடம். மாதம் ஒருமுறை வருகிறாள். ஆடு இருநூறுக்குக் குறைந்துவிட்டது, அவளும் பாதியாகிவிட்டாள். துப்பாக்கியைத் தொடுவதில்லையாம். கயோட்டிகள் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளிடம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளால் படிக்க முடியாத மொழியில் சொன்னேன் என்பதையும் கவனித்திருப்பீர்கள். இந்த ஊரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முடிவு என்னிடம் இல்லை. சொன்னால் அவள் பாரம் இறங்குமா, இல்லை மூன்று வருடத்துக்குப் பிறகு நோர்வல் இன்னொரு தடவை சாவானா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது எழுதுங்கள். முகவரி வேண்டாம், கடை என்று போட்டாலே வந்துவிடும். இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

ஓபல் உள்ளே வந்து, கையுறையைக் கழற்றி, என்ன சேப், எப்படி இருக்கே என்று கேட்டாள். நான்