அருள்நாதன் திறந்த கேட்

அருள்நாதன் இறந்த பிறகும் எங்கள் யார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்தவள் நான். அதற்காக எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

கப்பலில் வரும் கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டு அது, திருவொற்றியூரில். கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வோம். யாருடைய ஐடி எதைத் திறக்கலாம், கம்பெனி போனில் எது இருக்கலாம், எது கூடாது என்று பார்த்துக்கொள்வது என் வேலை. அதுவும் ஒப்பந்த வேலை. ஒரு பெட்டி கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் கேட் அதிகாரி தன் ஐடியில் நுழைந்து, தன் கம்பெனி போனுக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். அந்த அதிகாரிதான் அருள்நாதன். மாரடைப்பில் போய்விட்டார். யார்டில் அவர் படத்துக்கு மாலை போட்டார்கள், ராயபுரம் கோயிலில் பூசைக்கு வேன் பிடித்துப் போய் வந்தார்கள். அவர் ஐடியை மூடு என்று என்னிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்று நான்தான் நினைத்தேன். புது அதிகாரிக்கு ஐடி வாங்குவதென்றால் தலைமை ஆபீசில் மாதக்கணக்கில் இழுப்பார்கள். லாரிகளோ சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். சூப்பர்வைசர் பாஸ்கல் ஒரு வழி செய்தார். அருள்நாதனின் பாஸ்வேர்டு கேட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போன் அவர் மனைவி ஐரீன் அக்காவிடம் இருந்தது. லாரி வந்து நின்றதும் பாஸ்கல் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார், அக்கா ஓடிபியைப் படித்துச் சொல்வார். மீன் கழுவிக்கொண்டே கம்பெனி கேட்டைத் திறந்துவிட்ட பெண் வட சென்னையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

செத்த மனிதரின் ஐடி நாள் தவறாமல் வேலைக்கு வருவதைக் கம்ப்யூட்டரில் பார்த்ததும் நான் ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா எதையும் ஒளிக்கவில்லை.

"பாஸ்கல் அண்ணன்தாம்மா சொன்னாரு. அருள் பாத்த ஆபீஸ்லயே உனக்கு ஒரு வேல வாங்கித் தர ஜி.எம். கையில பேசிகினு கீறேன், அதுவரைக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருன்னாரு. நான் இன்னாத்த கண்டேன்?"

அந்த வீட்டில் இருந்த ஒரே போன் அதுதான். பாஸ்கல் அனுப்பியதை அக்கா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். "ஐரீனு, லாரி நிக்குது, நம்பர் சொல்லு." "ஐரீனு, உன் வேல விஷயம் ஜி.எம். டேபிள்ல கீது." பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்றையும் போட்டார். அருள்நாதனின் குரல், உடைந்துபோன அக்காவின் பழைய போனுக்கு அவர் எப்போதோ அனுப்பியது. "ஐரீன், நெத்திலி நல்லா கீது, வாங்கியாரவா?" அது முடியும்வரை அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஐடியை மூடினேன். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. செம்புக் கம்பி இருந்த பெட்டி ஒன்று யாரோ ஒருவரின் லாரியில் ஏறி வெளியே போய்விட்டது. போனது அருள்நாதன் ஐடியில், அக்கா படித்துச் சொன்ன ஓடிபியில். பாஸ்கலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? போன் அந்தம்மா கையில கீது," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான்.

போலீசுக்குப் போன புகாரில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஐரீன்.

நான் ஜி.எம். அறைக்குப் போனேன். "சார், அந்தப் போனை அப்படியே போலீஸ்ல குடுக்கணும். ஓடிபி கேட்டது பாஸ்கல்தான். அவர் குரலே அதுல இருக்கு. தன் போன்ல இருந்ததை அவர் அழிச்சிருப்பாரு."

"கம்பெனி விஷயம் எதுவும் வெளி ஆள் கையில இருக்கக் கூடாதும்மா. நீங்க போட்ட ரூல்தானே?" என்றார். "தலைமை ஆபீஸ்ல சொல்லி அழிக்கச் சொல்லியாச்சு."

அவர் சொன்னது சரிதான், ரூல் அப்படித்தான். தொலைந்த போனையும் ஆள் மாறிய போனையும் எங்கள் இடத்தில் இருந்தபடியே துடைத்துவிடலாம். என் திரையில் பார்த்தேன். பயந்துபோய் அக்கா போனை அணைத்து வைத்திருப்பார் போல, உத்தரவு காத்துக்கொண்டிருந்தது. போன் உயிர்பெற்று நெட் கிடைத்த நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். உத்தரவை நிறுத்தும் அதிகாரம் என் ஐடிக்கு இல்லை. போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் அந்த வீட்டுக்கு அந்தப் போனைத் தவிர வேறு போன் இல்லை. ஜி.எம். அறையைவிட்டு வரும்போது பாஸ்கல் கதவோரம் நின்றிருந்ததைப் பார்த்தேன். அவர் வீடு அக்கா தெருவிலேயேதான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். டோல்கேட்டைத் தாண்ட முடியவில்லை. எங்கள் யார்டுக்கு வரும் லாரிகளே வழியை அடைத்து நின்றன. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒரு டிரைவர் பாவம், கைகூப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தலைவாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார். மாதா படத்துக்குக் கீழே போன் சார்ஜில் கிடந்தது. அதன் திரை எரிந்துகொண்டிருந்தது.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்த. பாஸ்கல் அண்ணன் வூட்டுக்காரம்மா வந்துச்சு. கேஸெல்லாம் பேசி முடிச்சிட்டாங்களாம், வேல விஷயமா ஆபீஸ்லேர்ந்து போன் வருமாம், ஆன் பண்ணி வைக்கச் சொல்லிச்சு. ஆன் பண்ணேன். அதுவா அணஞ்சி அதுவா எரியுது. இப்ப இன்னாவோ கேக்குது, பாரேன்."

திரையில் மொழிகளின் வரிசை. எதில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது, கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த போனைப் போல.

எனக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாது. "அழிச்சிட்டாங்கக்கா. பாஸ்கல் பேசினது எல்லாம் போச்சு. இனிமே நீங்களாத்தான் திறந்துவிட்டீங்கன்னு சொல்லுவாங்க."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "அருள் பேசுனது?"

"அதுவும் போச்சுக்கா."

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாச்சே. திரும்பி எடுக்க முடியாதா?"

கம்பெனி போனிலிருந்து எதையும் நகல் எடுக்க முடியாதபடி நாங்கள் முதலிலேயே பூட்டித்தான் கொடுப்போம். முடியாது என்றேன். பாஸ்கலின் குரலை நான் கேட்டேன், போலீசில் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறாது, ஒப்பந்தக்காரியின் சொல் கேட்டைக்கூடத் தாண்டாது. பாஸ்கல் எதிரே இருந்திருந்தால் அடித்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அக்கா போனைக் கையில் எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். மொழிகளின் வரிசையை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனார்.

"இதுல தமிழ்னு போட்டா அவரு வருவாரா?" என்றார்.

அக்கா தமிழை அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.