காயாத சேலை

நாரணாபுரத்தில் பொன்னுத்தங்கம் துவைத்துப் போட்ட சேலை காயாமல் போனது, அவளுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் சித்திரையில். ஊரே வெயிலை நம்பிப் பிழைக்கிற இடம் அது. பட்டாசுத் திரியும் காகிதக் குழாயும் காலையில் பரப்பினால் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அவள் சேலை மட்டும் கொடியில் சொட்டிக்கொண்டே கிடந்தது. முறுக்கிப் பிழிந்தாள், பாறைமேல் விரித்தாள். பாறை நனைந்ததே தவிர, சேலை காயவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் எட்டிப் பார்த்து, "ஏத்தா தங்கம், ஊருக்கெல்லாம் சித்திரை, ஒன் கொடிக்கு மட்டும் ஐப்பசியா?" என்றாள். தெரு சிரித்தது. கொஞ்ச நாளில் பழகியும் போனது. பொன்னுத்தங்கம் ஈரச் சேலையோடே பட்டாசு ஆலை வேலைக்குப் போய்வந்தாள்.

ஈரம் எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். முந்தின தீபாவளிக்குப் பட்டாசு லோடு ஏற்றி வடக்கே போன புருஷன் மாரிக்கண்ணன் திரும்பி வந்த பிறகுதான் வெள்ளைப்படுதல் ஆரம்பித்தது. அப்புறம் வாடை, ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. சின்னத்தாயிடம் மட்டும் சொன்னாள். சின்னத்தாய் அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வதையே சொன்னாள்: சூடு. வெடிமருந்தோடு உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்களுக்குத் தலைவலி வந்தாலும் சூடு, கண் எரிந்தாலும் சூடு, இதுவும் சூடுதான். பொன்னுத்தங்கம் வெந்தயத் தண்ணீரும் இளநீரும் நீர்மோருமாகக் குடித்தாள். வாடை போகட்டும் என்று துணி சோப்பைப் போட்டு உள்ளுக்குள் கழுவினாள். எரிச்சல் கூடியது. சேலை முன்னைவிட வேகமாகச் சொட்டியது.

அவள் பின்னிய வெடிச் சரங்கள் நமத்துப்போயின. ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதால், போர்மேன் அவளை வெடிமருந்து அறைகளிலிருந்து தள்ளி, வாசலை ஒட்டிய லேபிள் ஷெட்டுக்கு மாற்றினார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பிள்ளை. அது வருஷக்கணக்கில் வராமலே இருந்ததால்தான் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் அனுப்பிரியா சேலை சொட்டுவதைப் பார்த்து ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டுப் பரிசோதித்தார். இது சூடு இல்லை, உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற கிருமி என்றார். சோப்புப் போட்டுக் கழுவுவதை நிறுத்தச் சொன்னார். ஆம்பிளைக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே இருக்கும், அதனால் இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட வேண்டும், முடியும்வரை சேரக்கூடாது என்றார். இப்படியே விட்டால் கருக்குழாய் அடைத்துப் பிள்ளை இல்லாமலே போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மாரிக்கண்ணன் மாத்திரை அட்டையைத் தொடவில்லை. "எனக்கென்ன கேடு? நாக்பூர் வரைக்கும் தூங்காம வண்டி ஓட்டுறேன். சூடு ஒனக்கு, மாத்திரை எனக்கா?" என்றான். அவள் தன் பங்கை மட்டும் விழுங்கினாள். அவன் லோடுக்குப் போனான். சேலை காய்ந்தது. சின்னத்தாய் அதைத் தடவிப் பார்த்துக் குலவை போட்டாள். அவன் திரும்பி வந்தான். வேண்டாமென்று அவள் சொன்ன சொல் அந்த வீட்டில் செல்லவில்லை. வாரம் முடிவதற்குள் கொடி மறுபடி சொட்டியது. இப்படியே காய்வதும் நனைவதுமாக இரண்டு தீபாவளிகள் போயின.

மூன்றாம் தீபாவளிக்கு, ஏழாயிரம்பண்ணையில் அவன் ஏற்றிய லோடு நாக்பூரில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. தார்ப்பாய் காய்ந்திருந்தது, அட்டைப்பெட்டி காய்ந்திருந்தது, உள்ளே வெடி மட்டும் சொதசொதவென்று இருந்தது. லாரி முதலாளி ராஜபாண்டியன் தார்ப்பாயை மாற்றினார், லாரியை மாற்றினார், அடுத்த லோடும் நனைந்தே போய்ச் சேர்ந்தது. மாற்றாமல் மிச்சமிருந்தது டிரைவர்தான். அவர் நேரே நாரணாபுரம் வந்து, கொடியையும் அதன் கீழே தேங்கிக் கிடந்த தண்ணீரையும் பார்த்தார்.

புருஷன் பக்கத்தில் நிற்க, பொன்னுத்தங்கம் வாசற்படியில் நின்று சொன்னாள். "நான் மாத்திரை சாப்பிட்டா காயுது மொதலாளி. இவுக வந்தா நனையுது. இவுகளும் சாப்பிடணும்னு டாக்டரம்மா அப்பமே சொன்னாக."

"ஏலே மாரிக்கண்ணா, இம்புட்டுத்தானா?" என்றார் ராஜபாண்டியன். "மாத்திரையத் தின்னுட்டு வண்டியில ஏறு."

பெண்டாட்டிக்காகச் சாப்பிடாத மாத்திரையை அவன் லோடுக்காகச் சாப்பிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் பக்கத்து பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, முழுசாக வாங்கி முழுசாக முடித்தான். லோடு காய்ந்துபோய்ச் சேர்ந்தது. சேலையும் காய்ந்தது, திரும்ப நனையவில்லை. அவன் வடக்கே எங்கெங்கே இறங்கினான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த மாசம் விருதுநகரில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் கருக்குழாய் இரண்டுமே அடைத்திருந்தன. டாக்டர் அனுப்பிரியா அதைச் சொல்லி முடித்தபோது மாரிக்கண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பும் பஸ் திருத்தங்கல் தாண்டும்போது அவன், "நீ அப்பமே அடிச்சுத் திணிச்சிருக்கலாம் புள்ள" என்றான். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் சீசன் லோடு ஏற்றுவதற்கு முன்னால் டிரைவர் வீட்டுக் கொடியை ஓர் ஆள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். ஈரமிருந்தால் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகுதான் வண்டிச் சாவி. டயரில் காற்றுப் பார்ப்பதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பொன்னுத்தங்கத்தின் சேலை அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மீதிக் கொடியை அவள் சின்னத்தாய்க்குக் கொடுத்துவிட்டாள். சின்னத்தாயின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், சின்னச் சின்னத் துணியாக நிறையக் காயப்போட வேண்டியிருக்கிறது.