அதிக ஆபத்துப் பிரிவு

"கடந்த மூணு வருஷத்துல உங்க லைசென்ஸ் எப்பவாவது முடக்கப்பட்டிருக்கா மேடம்?"

"மேடமா? டேய் டீன், இன்னைக்குக் காலையில என்னை ஏத்திட்டு வந்ததே நீதான்டா."

"ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க மேடம். பதிவாகுது."

"ஆமா" என்றார் மார்னி. பிறகு என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்.

எங்கள் இருவர் மேசைகளுக்கும் நடுவே ஒரு தொட்டிச் செடி மட்டும்தான். ஆனாலும் தொலைபேசியில்தான் பேச வேண்டும். ஊழியர் தனக்கே பாலிசி எடுத்தால், பதிவாகும் இணைப்பில் இன்னொருவர்தான் விற்க வேண்டும் என்பது அலுவலக விதி. அதனால் மார்னியின் குரல் எனக்கு இரண்டு முறை கேட்டது. செடிக்கு மேலாக ஒரு முறை, காதுக்குள் சற்றுத் தாமதமாக, இன்னும் கொஞ்சம் வயதானவர் பேசுவதுபோல் இன்னொரு முறை.

ஒஹாயோவில், லைசென்ஸ் பறிபோனவர்களுக்குக் கார் காப்பீடு விற்பதுதான் எங்கள் தொழில். குடித்துவிட்டு ஓட்டியவர்களும் அபராதம் கட்ட மறந்தவர்களும் உள்ளே வந்து, பேக்கரியில் பன் கேட்பதுபோல், "ஒரு இருபத்திரெண்டு வேணும்" என்பார்கள். எஸ்.ஆர். 22 என்பது காப்பீடே அல்ல. இந்த ஆள் காப்பீட்டைக் கைவிடாமல் வைத்திருக்கிறார் என்று நிறுவனம் அரசுக்குச் சொல்லும் ஒரு தாள். அந்தத் தாள் அரசுக்குப் போனால்தான் லைசென்ஸ் திரும்பி வரும். பதினொரு வருடங்களாக மார்னி இதை விளக்கி வந்தார். "ஒரு நாள்கூட விட்டுடாதீங்க, கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லி அனுப்புவார்.

அப்படிச் சொன்னவர் நான்கு மாதங்கள் காப்பீடே இல்லாமல் ஓட்டியிருக்கிறார். மாதாமாதம் தானாகப் பணம் போய்க்கொண்டிருந்த வங்கி அட்டை காலாவதியானதை அவர் கவனிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் விவாகரத்துக்கு முந்தைய வீட்டுக்குப் போயின. முன்னாள் கணவர் கிரெக் அவற்றைப் பிரிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பிரித்திருந்தால் இந்நேரம் அவருடைய வக்கீல் கூப்பிட்டிருப்பார். பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர்தான் லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கும் விஷயத்தைச் சொன்னார். பதற்றத்தில் மார்னி லைசென்ஸுக்குப் பதிலாகத் தன் விசிட்டிங் கார்டை நீட்டியிருக்கிறார். "இதை நீங்களே வச்சுக்கங்க, உதவும்" என்றாராம் போலீஸ்காரர். கார் போலீஸ் கிடங்குக்குப் போயிற்று.

மார்னிக்கு வேண்டியதெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான். ஒன்பது வயது மகள் ஜோலின், கிரெக்கிடம் வளர்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பாதி வழியில் உள்ள பெட்ரோல் பங்க் வாசலில் அவளை அழைத்துக்கொள்ளலாம். தாயே ஓட்டி வர வேண்டும் என்று நீதிமன்றத் தாளில் இருக்கிறது. இரண்டு முறை காய்ச்சல் என்று பொய் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறையும் வராவிட்டால் வழக்கைத் திரும்பத் திறப்பேன் என்று கிரெக் செய்தி அனுப்பியிருந்தார்.

திரையில் 'அதிக ஆபத்து' என்று சிவப்பில் வந்தது. "மாசம் இருநூத்தி எண்பத்தேழு டாலர், மேடம்."

"தொண்ணூத்தி நாலு கட்டிட்டு இருந்தேன்டா! ஸ்டாஃப் தள்ளுபடி?"

"அது நல்ல ஓட்டுநர்களுக்கு மட்டும்."

அடுத்து நான் படிக்க வேண்டிய வரி திரையில் தயாராக நின்றது. படித்தேன். "கவலைப்படாதீங்க மேடம், உங்களைவிட அதிகமா கட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க."

அந்த வரியை எழுதிக் கொடுத்ததே மார்னிதான். "இவ்வளவு கேவலமாவா கேக்குது அது?"

கடன் அட்டை எண்ணைச் சொன்னார். படிவம் அன்றே அரசுக்குப் போய்விடும் என்றேன். லைசென்ஸ் திரும்ப அமலுக்கு வர மூன்று வேலை நாள் ஆகும் என்றும் சொன்னேன்.

அன்று வியாழக்கிழமை. மார்னி விரல் விட்டு எண்ணினார். "சனிக்கிழமை வேலை நாள்தானே?" என்று கேட்டார், பதினொரு வருடங்களாகத் தன்னிடம் கேட்டவர்களைப் போலவே.

"இல்லைங்க மேடம்."

இணைப்பைத் துண்டித்தேன். அவர் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார்.

"பதிவு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. மார்னி, சனிக்கிழமை நான் ஓட்டிட்டு வர்றேன். கவலையை விடுங்க."

"நீ ஓட்டினா என்னடா புண்ணியம்? அவன் வாசல்லயே நின்னு ஸ்டியரிங்ல யாருன்னு பார்ப்பான். அவனுக்கு அதுதானே வேணும்." ரிசீவரை வைத்தார். "பங்குக்கு முன்னாடி ஒரு சர்ச் இருக்குல்ல? அதுவரைக்கும் நீ ஓட்டு. அதுக்குப் பின்னாடி, அவன் கண்ணுல படாம இறங்கி நின்னுக்கோ. அங்கேருந்து வாசல் நூறு அடிதான். போய்ப் பிள்ளையை ஏத்திட்டுத் திரும்பி வந்துடுவேன். அந்த நூறு அடிக்கு மட்டும், டீன், உன் காரை நான் ஓட்டட்டுமா?"