ஹாரன் செத்த வண்டி

நூலகத்தில் அவளுடைய வேலையே வாயைத் திறக்காமல் மற்றவர் வாயை மூடவைப்பது. விரலை உதட்டில் வைத்தால் போதும், அறை அடங்கிவிடும். குடும்பத்திலும் அவள் வாயில்லாப் பூச்சிதான். அண்ணன் சொன்னால் சரி, அண்ணி சொன்னால் அதுவும் சரி. வயது நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'.

யாரையும் கேட்காமல் அவள் செய்த ஒரே காரியம், பைக் வாங்கியது. விஷயம் தெரிந்ததும் அண்ணன் போனிலேயே குதித்தான்.

"உனக்கு எதுக்கு பாப்பா இந்த வேலை? விழுந்து கை கால் போச்சுன்னா யார் பாக்கறது? இங்க ஒருத்தர் வண்டி தேடறார், குடுத்துடலாம். கொண்டு வந்துடு."

மாட்டேன் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. வாயில் வந்ததென்னவோ "சரிண்ணா".

அண்ணன் வீடு மலைக்கு அந்தப் பக்கம். நெடுஞ்சாலை மலையைச் சுற்றிப் போகும். நூலகச் சுவரில் தொங்கிய வரைபடத்திலோ மலைக்குக் குறுக்கே, பிரிந்த நூல் மாதிரி இன்னொரு கோடு. அதில் என்னதான் இருக்கும் என்று அவளுக்கு ரொம்ப நாளாகக் குறுகுறுப்பு. கொடுக்கத்தானே போகிறோம், அதையாவது பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று அந்த வழியில் கிளம்பினாள்.

அதைச் சாலை என்பதே ஒரு மரியாதைக்குத்தான். தார் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டது. ஜல்லியும் பள்ளமும் மிச்சம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி ஏறினாள். ஒரு பள்ளத்தில் வண்டி துள்ளி விழுந்ததில் ஹாரன் செத்துப்போனது. திரும்பலாமென்றால் அதே வளைவுகள்தான் அங்கேயும்.

"வண்டி வருது," என்றாள் அடுத்த வளைவில். அவளுக்கே கேட்கவில்லை. அதற்கடுத்த வளைவில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னாள். மூன்றாவதில் உயிர்ப்பயம் வெட்கத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

"வண்டி வருதூ!"

அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் குரல் யாருடையது என்று அவளே திகைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மேலே எங்கிருந்தோ பதில் வந்தது. "என்ன வண்டி?"

இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். "பைக்கு! நீங்க?"

"லாரி! கல்லு ஏத்தியிருக்கேன்!"

ஆளைக் காணோம். யாராயிருக்கும்? அவள் ஒவ்வொரு வளைவாக ஏற, அந்தக் குரல் இறங்கி வந்தது.

"எங்க போறீங்க?"

"அந்தப் பக்கம்! வண்டியக் குடுக்க!"

"ஏன், ஓட்டப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு!"

"அப்புறம் எதுக்குக் குடுக்கறீங்க?"

சாலை கொஞ்சம் அகன்ற இடத்தில் ஒதுங்கி நின்றாள். லாரி முனகியபடி வந்து நின்றது. நரைத்த மீசை டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்து, ஹாரனை ஒருமுறை அடித்தார்.

"உங்க ஹாரன் நல்லாத்தானே இருக்கு? பின்ன ஏன் கத்துனீங்க?" என்றாள்.

"ஹாரன் அடிச்சா யாரும்மா பதில் பேசறா? இத்தனை வருஷத்துல இந்த ரோட்டுல என்கூடப் பேசினது நீங்கதான்."

லாரி போனபின் ஒரு வண்டியும் வரவில்லை. அவள் கத்துவதை நிறுத்தவுமில்லை. உச்சி தாண்டி இறங்கும்போது வார்த்தை மட்டும் மாறியிருந்தது. "குடுக்க மாட்டேன்!" வளைவுக்கு வளைவு ஒத்திகை நடந்தது.

வாசலில் அண்ணனும் அண்ணியும் வண்டி கேட்டவரும் நின்றார்கள்.

"வா பாப்பா. சாவியக் குடு, அவர் எவ்வளவு நேரமா நிக்கறார்."

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை அடியோடு கட்டிவிட்டிருந்தது. இருந்த குரலையெல்லாம் மலைக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

"என்னம்மா?" என்றான் அண்ணன். அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். "உஷ், கொஞ்சம் இரு," என்று அவளை அடக்கிவிட்டு, குனிந்து தங்கையின் வாயருகே காதைக் கொண்டுவந்தான். அவள் பிறந்த நாளிலிருந்து அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"குடுக்க மாட்டேன்ணா."

அண்ணன் குனிந்தபடியே நின்றான். நன்றாகக் கேட்டுவிட்டது.