முனீஸ் ஊடு

சித்ராதேவி தைத்த சாம்பிள் டி-ஷர்ட், ஆர்டர் கொடுக்கும் சென்னை பையருக்குப் பிடித்துப்போனது. கழுத்துப் பட்டி துளிகூட நெளியவில்லையாம். அடுத்த பன்னிரண்டு சாம்பிள்களையும் அதே டெய்லர்தான் தைக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கடிதம் வந்தது: "டெய்லர் திரு. முனீஸ்."

முனீஸ் அவள் கணவன். கபடி லீக்கில் ஆடுகிறவன். ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், பையர் பெயர் சொல்லிக் கேட்கும் டெய்லருக்குத்தான் சாம்பிள் செக்‌ஷனில் இடம். அதற்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

தப்பு, சட்டையில் கட்டிய அட்டையில் நடந்திருந்தது. தைத்தவர் பெயருக்கு நேராக சூப்பர்வைசர் தங்கராஜ் "முனீஸ் ஊடு" என்று எழுதிவிட்டார். கொங்குப் பக்கத்தில் வீடும் ஊடுதான், பெண்டாட்டியும் ஊடுதான். சென்னையில் அது யாருக்குத் தெரியும்?

"எம் பேரு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியாம என்னங்க? டிவில வர்றவரு ஊடுன்னு போட்டா ஒரு கெத்துங்க" என்றார் தங்கராஜ்.

முதலாளியம்மா சாரதாமணி சிரித்தார். "அப்படியே இருக்கட்டும் கண்ணு. உங்க ஊட்டுக்காரரு சட்டையப் புடிச்சுட்டு நிக்கற போட்டோ ஒண்ணு அனுப்பிருவோம். சாம்பிள் செக்‌ஷன்ல அவரு பேரு, தைக்கறது நீ."

சாப்பாட்டு நேரத்தில் சித்ராதேவி முனீஸின் கபடி கேம்ப்புக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"போட்டோதான? எடுத்து அனுப்புறேன் புள்ள."

"நீங்க கபடி பாடிப் போயி எடுத்த பாயின்ட்ட எம் பேருல எழுதுனா விட்டுருவீங்களா?"

சிரிப்பு நின்றது. "விட மாட்டேன்" என்றான். பிறகு மெதுவாக, "போட்டோ வேண்டாம்" என்றான்.

அடுத்த சாம்பிளுக்கான அட்டையை அவளே வாங்கி எழுதினாள்: சித்ராதேவி.

"வேற ஆளுன்னு நெனச்சு பையர் வேண்டாம்னுட்டா?" என்றார் சாரதாமணி.

"கழுத்தப் பாக்கச் சொல்லுங்கக்கா. கை மாறல."

சாம்பிள் சென்னைக்குப் போன பிறகு நாலு நாள் அவள் அலுவலக அறைப் பக்கம் போகவே இல்லை. ஐந்தாம் நாள் தங்கராஜ் பையரின் கடிதத்தோடு மெஷினுக்கே வந்து படித்தார். "கழுத்து சரியாக உள்ளது. சித்ராதேவியே தைக்கட்டும். முனீஸ் யார்?"

தங்கராஜ் தலையைச் சொறிந்தார். "என்னன்னுங்க எழுதறது?"

அவள் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சித்ராதேவி ஊடுன்னு எழுதுங்கண்ணே."